கோவில் செலவு என்று எழுதியது

உங்கள் அக்காவின் காலைப் பற்றிய உண்மையை நான் முதன்முதலாக எழுதிக் கையெழுத்துப் போட்டது ஒரு வருமான வரிப் படிவத்தில்தான். அதற்கு முன்னால் எட்டு வருஷம், அந்தக் காலுக்காகச் செலவழித்த ஒவ்வொரு காசையும் கோவில் செலவு என்றே எழுதி வைத்திருந்தேன். அந்தப் படிவம் எழுதிய வருஷம் நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பையன்கள். ஒருவன் ஒன்றாம் வகுப்பு, ஒருவன் இடுப்பில். அதனால் உங்களுக்கு இது தெரியாது. போன மாதம் அக்காதான், "தம்பிகளுக்கு நீங்களே எழுதிக் குடுங்கப்பா, நான் சொன்னா அழுதுருவேன்" என்றாள். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு. வந்தபடி எழுதுகிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டாம் வருஷம் நான் ஆலங்குடியில் ஒரு கடலை மண்டியில் எடை எழுதுகிறவனாகச் சேர்ந்தேன். பத்து வருஷம் கழித்து, வீட்டு முன்கட்டையே மண்டியாக்கிச் சொந்தமாக உட்கார்ந்தேன். குடியானவர்கள் கொண்டு வரும் நிலக்கடலையை வாங்கி, மில்லுக்கு ஏற்றிவிட்டு, கமிஷன் எடுத்துக்கொள்வதுதான் தொழில். வருமான வரி, ரிட்டர்ன், நோட்டீஸ் என்ற பேச்செல்லாம் எங்கள் பக்கத்து மண்டிக்காரர்கள் அந்த வருஷங்களில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார்கள்.

மண்டி வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மரக்காலால் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று எண்ண மாட்டோம். லாபம் என்போம். அடுத்தது இரண்டு. பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே லாபம் என்று மஞ்சள் தொட்டு எழுதுவோம். அப்படித் தொடங்கிய பேரேட்டில் நோவு, சாவு, திருட்டு என்று எழுதக் கை வராது. மூட்டை தீப்பிடித்தாலும், ஆள் செத்து அவர் பாக்கியை விட்டுக் கொடுத்தாலும், எல்லாவற்றையும் கோவில் செலவு என்ற பக்கத்தில் எழுதிவிட்டு மூடிவிடுவோம். அந்தப் பக்கம் இல்லாத மண்டியே கிடையாது.

உங்கள் அக்காவுக்கு மூன்று வயது நிரம்பவில்லை. ஆவணி மாதம் மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று உங்கள் அம்மா அவளைத் தரையில் நிறுத்தினாள். இடது கால் நனைந்த துணி மாதிரி மடங்கியது. விளையாடுகிறாள் என்று நினைத்து இன்னொரு தடவை நிறுத்தினாள். மறுபடியும் மடங்கியது. இளம்பிள்ளை வாதம் என்று டாக்டர் சொன்னார்.

அந்த டாக்டருக்குக் கொடுத்த பணத்தை எழுதப் பேரேட்டைத் திறந்தேன். உங்கள் அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"வைத்தியம்னு எழுதாதீங்க. எழுதுனா பக்கம் பக்கமா வளந்துரும்."

"வேற என்னன்னு எழுத?"

"ஐயனார் கோயிலுக்குன்னு எழுதுங்க. அவரு காலு, அவரு பாத்துக்குவாரு."

எழுதினேன். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு கட்டு வைத்தியர், மூங்கிலைப் பிளந்து செதுக்கிய தப்பைகள் நாலும் ஒரு குடுவை எண்ணெயும் கொடுத்தார். தினம் விளக்கு வைக்கும் நேரத்தில் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து, தப்பை வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். காலையில்தான் அவிழ்க்க வேண்டும். எண்ணெய் தீரத் தீரப் போய் வாங்கி வந்தேன். ஒவ்வொரு சித்திரையிலும் மீமிசல் கடற்கரைக்குக் கூட்டிப் போய், வெயிலில் காய்ந்த மணலைத் தோண்டி இடுப்புவரை அவளைப் புதைத்து உட்கார வைப்போம். மீன் ஏலம் முடிந்து போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டு, "புள்ளைய நட்டு வச்சுருக்கீங்க, எப்ப மொளைக்கும்?" என்று கேட்பார்கள். உங்கள் அம்மா சிரித்துக்கொண்டே, "அடுத்த சித்திரைக்குள்ள நடந்துருவா" என்பாள். அடுத்த சித்திரையும் அதையே சொல்வாள். உங்கள் அக்காவிடமும் நாங்கள் அதையேதான் சொல்லிக்கொண்டு இருந்தோம். அவள் நடந்தாள். இடது கையைத் தொடையில் ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் அந்தக் காலைப் பின்னுக்குத் தள்ளி நடந்தாள். அதை நாங்கள் நடையாகவே எண்ணவில்லை.

எண்ணெய், பஸ் சார்ஜ், மீமிசலில் குடிசை வாடகை என்று எல்லாம் கோவில் செலவு ஆயிற்று. அது மண்டியின் செலவு என்று லாபத்திலிருந்தும் கழிந்தது. ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான்.

அவளுக்குப் பதினோரு வயது நடந்த மாசி மாதத்தில் வரி ஆபீஸிலிருந்து, நோட்டுப் புத்தகங்களோடு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எனக்குக் கணக்கு எழுதிக் கொடுத்த ஆடிட்டரோடு போனேன். ஆபீஸர் என் பேரேட்டின் மேல் ஒரு மர ரூலரை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டு வந்தார். கோவில் செலவு வந்ததும் ரூலர் நின்றது.

"இந்த ஐயனார் கோயில் எங்கங்க இருக்கு?"

"ஊருக்கு மேற்கால, கம்மாக்கரையிலங்க."

"பெரிய கோயிலோ?"

"இல்லைங்க. மண்குதிரை ரெண்டு நிக்கும். கூரை கெடையாது."

"கூரையே இல்லாத கோயிலுக்கு மாசா மாசம் இவ்வளவு எண்ணெயா? குதிரைக்குத் தேச்சு விடுறீங்களா?"

பக்கத்து மேஜை குமாஸ்தா சிரித்தார். என் ஆடிட்டர் தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"சித்திரைக்குச் சித்திரை பதினஞ்சு நாள் மீமிசல். அங்கேயும் கோயில் செலவு. ஐயனாரைக் கடல் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போனீங்களாக்கும்?"

"அய்யா, அது சாமிக்கு இல்லைங்க. எம் மகளுக்கு" என்றேன். பிறகு சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். சபையில் சொல்வது அதுதான் முதல் தடவை. ஆபீஸர் ரூலரை எடுத்து ஓரமாக வைத்தார். குமாஸ்தா எழுந்து ஏதோ காகிதக் கட்டைத் தேடப் போனார்.

"நீங்க சொல்றது உண்மையாகவே இருக்கலாம்" என்றார் ஆபீஸர். "ஆனா நோட்டுல இருக்கிறது அது இல்லையே. மகளோட வைத்தியம் வீட்டுச் செலவு, மண்டிச் செலவு ஆகாது. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஊனமான பிள்ளைக்கு வைத்தியம் பாக்கிறவங்களுக்குச் சட்டத்துல இப்ப வருமானத்துலேருந்து கொஞ்சம் கழிவு உண்டு. அதுக்கு டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வரணும். கொண்டு வந்தா, இது தெரியாம செஞ்ச தப்புன்னு எடுத்துக்கிட்டுக் கணக்கைத் திருத்தறேன். வராட்டி இந்த நோட்டு பூராவும் பொய்னு எழுதிட்டு, நானா ஒரு லாபத்தைப் போடுவேன். அபராதமும் வரும். பத்து நாள் டைம்."

உங்களுக்கு இது பணக்கணக்காகத் தோன்றலாம். மண்டி என்பது மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறவன் நம்புகிறவரைதான். சர்க்காரே இவன் நோட்டு பொய் என்று சொல்லிவிட்டது என்ற பேச்சு வாரச் சந்தையில் ஒரு தடவை கிளம்பினால், அதற்கு அடுத்த வாரம் ஒரு வண்டிகூட வாசலில் நிற்காது. வெளியே வந்ததும் ஆடிட்டர் என் தோளைத் தட்டினார்.

"தப்பிச்சோம் முதலாளி. நிரந்தரமான ஊனம், இனிமே சரியாகாதுன்னு டாக்டர் ஒரு வரி எழுதிட்டார்னா போதும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது எனக்கு ஆலங்குடி வரும்வரை காதிலேயே இருந்தது.

உங்கள் அம்மாவிடம் சொன்னபோது அவள் சுளகில் கடலையைப் புடைத்து நாவிக்கொண்டிருந்தாள். சுளகு நிற்கவில்லை.

"யாரு எழுதப் போறா?"

"டாக்டரு. கீழ நானும் கையெழுத்துப் போடணும்."

"பெத்த அப்பன் எம்புள்ளை நொண்டிதான்னு கையெழுத்துப் போடப் போறீகளா?"

"அப்படிச் சொல்லாத. சட்டத்துல அப்படி..."

"சட்டம் கெடக்கு. நாளைக்கு அவளைக் கேட்டு ஒருத்தன் வருவான். சர்க்காரே எழுதிக் குடுத்துருச்சு, பாத்துக்கங்கன்னு சொல்றதா? இன்னும் ரெண்டு சித்திரை பாக்கலாம்னு வைத்தியரு சொல்லிருக்காரு. நீங்க எழுதிட்டா அப்பறம் எந்தச் சாமி வந்து அழிக்கும்?"

"அப்ப மண்டியை மூடிறவா? மத்த ரெண்டு புள்ளையும் என்ன செய்யும்?"

அவள் சுளகிலிருந்த கடலையை எல்லாம் தரையில் கொட்டிவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். கடைசியில், "நான் வரமாட்டேன். நீங்களே கூட்டிட்டுப் போய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

நாலாம் நாள் உங்கள் அக்காவைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். காலைக் காட்டி மருந்து வாங்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். அந்த டாக்டரை எனக்கு முன்பின் தெரியாது. அவளைக் கதவிலிருந்து மேஜைவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். வலது கால் துள்ளியது. இடது கால் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தையற்காரர் டேப் போல ஒன்றை எடுத்து இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இரண்டு கால்களையும் அளந்தார். "ஒண்ணே கால் இஞ்சு கம்மி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுதினார். பிறகு அவள் கெண்டைக்காலில் வரி வரியாகக் கிடந்த தழும்பைப் பார்த்தார்.

"இது என்ன?"

"தப்பை கட்டுறதுங்க."

"எத்தனை வருஷமா?"

"எட்டு ஆகுதுங்க."

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளிடம் குனிந்தார். "கட்டுனா வலிக்குமா பாப்பா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "இல்லை டாக்டர்" என்றாள்.

அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நான் விஷயத்தைச் சொன்னேன். கூடவே கேட்டேன்: "அந்த வார்த்தை இல்லாம எழுத முடியுங்களா?"

"எந்த வார்த்தை?"

நான் வாசல் பக்கம், பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார்.

"இங்க பாருங்க. ஆறு மாசத்துல சரியாயிரும்னு நான் எழுதுனா ஒங்களுக்குக் கழிவு கெடைக்காது. அது போகட்டும். அது பொய்யின்னு எனக்குத் தெரியும். செத்துப் போன நரம்பு எண்ணெய் தேச்சா வராது. இதை யாருமே ஒங்ககிட்ட சொன்னதில்லையா?"

சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் விட்ட அந்த முதல் வாரமே டாக்டர் சொன்னார். எட்டு வருஷமாக அதைக் கேட்காத காதோடு இருந்தேன் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? "எழுதுங்க" என்றேன்.

உறைக்குள் போட்டுக் கொடுத்தார். பசை காய்ந்திருந்ததால் ஒட்டவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உங்கள் அக்கா, இந்தப் பக்கம் நான். அந்த வயதில் அவள் கண்ணில் பட்டதை எல்லாம் வாசிப்பாள். டிக்கெட்டின் பின்பக்கம், கடைப் பலகை, பொட்டலம் கட்டிய காகிதம், எதையும் விடமாட்டாள். இங்கிலீஷ் படிக்கத் தொடங்கிய புதிது வேறு.

"அப்பா, அந்தக் காயிதத்தைக் குடுங்க. எனக்கு எத்தனை வார்த்தை தெரியுதுன்னு பாக்குறேன்."

கொடுக்க மாட்டேன் என்றால் அதிலேயே தெரிந்துவிடும். கொடுத்தேன். அவளால் இதைப் படிக்க முடியாது என்று ஒரு நினைப்பு. விரலை வைத்துக்கொண்டு போனாள். "கேர்ள்... தெரியும். லெஃப்ட் லெக்... தெரியும்." பஸ் குலுக்கலில் விரல் தாவும், மறுபடி வந்து அதே இடத்தில் நிற்கும். ஒரு வார்த்தையில் எழுத்து எழுத்தாகக் கூட்டினாள்.

"பெர்...ம...னென்ட். பெர்மனென்ட்னா என்னப்பா?"

"அது டாக்டருங்க வழக்கமா எழுதுறது, தாயி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் டெம்பரவரி. தையல் டீச்சர் பெர்மனென்ட். டெம்பரவரின்னா எப்ப வேணா போயிருவாங்களாம். பெர்மனென்ட் போகவே மாட்டாங்களாம்."

முன் சீட்டுக்காரர் தலையைத் திருப்பி அவளையும் காலையும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவள் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்து என் சட்டைப் பையில் சொருகினாள்.

"ஜன்னலை மூடவாப்பா? புழுதி வருது."

ஊர் வரும்வரை அவள் பேசியது அது ஒன்றுதான். அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

அன்று சாயங்காலம் உங்கள் அம்மா, "எழுதிட்டாரா?" என்று கேட்டாள். எழுதிவிட்டார் என்றேன். வேறொன்றும் கேட்காமல் எண்ணெயைச் சூடாக்கினாள். மற்ற நாளைவிட அதிக நேரம் தேய்த்தாள். தப்பையை மற்ற நாளைவிட இறுக்கிக் கட்டினாள். உங்கள் அக்கா உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். வலது காலின் விரல்கள் மட்டும் மடங்கி மடங்கி விரிந்தன. எட்டு வருஷமாக அந்த விரல்கள் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். அன்றுதான் பார்த்தேன்.

பத்தாம் நாள் காலை ஏழு மணி பஸ். பத்தரை மணிக்குள் ஆபீஸில் நிற்க வேண்டும். குளித்துவிட்டு வந்து கணக்குப் பெட்டியைத் திறந்தால் பேரேடு இருக்கிறது, உறை இல்லை. பெட்டியைக் கவிழ்த்தேன். சட்டைகளை உதறினேன். சாக்குகளுக்கு அடியில் பார்த்தேன். உங்கள் அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

"எங்க வச்ச?"

"எனக்கென்ன தெரியும்? எனக்கு அந்தப் பாஷை படிக்கத் தெரியுமா?"

"பஸ்ஸு வந்துரும். வெளையாடாத."

"வரட்டும், போகட்டும். மண்டி போனா போகுது. கூலிக்குப் போய்க் கஞ்சி ஊத்துறேன்."

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன். உங்கள் அம்மாவை அந்த மாதிரி நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. இடுப்பில் இருந்தவன் வீரிட்டு அழுதான். அவளும் விடவில்லை. "எம்புள்ளை காலை அடகு வச்சு ஒங்க நோட்டைக் காப்பாத்தப் பாக்குறீக" என்றாள். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. பஸ் எங்கள் ஊரில் ஐந்து நிமிஷம் நிற்கும்.

அப்போது உங்கள் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். தப்பைகளைத் தானே அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள். கயிறு தரையில் இழுபட்டது.

"அம்மா, அதைக் குடுத்துரும்மா."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. போ அங்கிட்டு."

"தெரியும்மா. நான் படிச்சுட்டேன். இது போகாது."

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதத் தேவையில்லை.

"அந்த டாக்டரு கெடக்காரு, ஆத்தா. காயிதந்தானே. அடுத்த சித்திரைக்குள்ள..."

"இது வலிக்குதும்மா" என்று தப்பைகளை நீட்டினாள்.

"எது?"

"இது கட்டுறது."

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்தே."

"ஏண்டி சொல்லல? இத்தனை வருசமா ஒரு தடவை சொன்னியா?"

"நீங்க ரெண்டு பேரும் சரியாயிரும்னு சொன்னீங்க. நான் வலிக்குதுன்னு சொன்னா நிறுத்திருவீங்க. நிறுத்திட்டா, என்னாலதான் சரியாகலன்னு ஆயிரும்ல?"

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. யாரும் இறக்கவில்லை. உங்கள் அம்மா அப்படியே உட்கார்ந்தாள். மகள் கையிலிருந்து தப்பைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு வருஷம் தன் கையாலேயே இறுக்கியவள் அல்லவா. தன் பெருவிரலை அந்த மூங்கில் விளிம்பில் வைத்து அழுத்திப் பார்த்தாள். இன்னும் அழுத்தினாள். பிறகு எழுந்து சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தாள். ஒரு ரூபாய்க் காசு வைத்து ஐயனாருக்கு நேர்ந்து முடிந்திருந்தாள். அதற்குள்தான் உறை இருந்தது. முடிச்சை அவிழ்க்க அவளுக்கு விரல் வரவில்லை. உங்கள் அக்காதான் அவிழ்த்து, காசை அவளிடமும் உறையை என்னிடமும் கொடுத்தாள்.

கிளம்பிவிட்ட பஸ்ஸைக் கைகாட்டி ஓடிப் பிடித்தேன்.

ஆபீஸர் சர்டிபிகேட்டைப் பிரித்தார். மடிப்பெல்லாம் மஞ்சள் கறை.

"இதுவும் கோயிலுக்குப் போயிட்டு வந்துச்சோ?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தார். படிவத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று ரூலரால் காட்டினார். என் மகள், வயது பதினொன்று, இடது கால், நிரந்தர ஊனம் என்று இங்கிலீஷில் டைப் அடித்திருந்ததன் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். காலையில் அவள் நின்ற நிலை கண்ணிலேயே இருந்ததால் மற்றது எதுவும் பெரிதாகப் படவில்லை.

"கட்டு வைத்தியருக்கு ரசீது இருக்கா?"

"அவரு ரசீது குடுக்கிறவரு இல்லைங்க."

"அப்ப சட்டம் குடுக்கிற கழிவை மட்டும் தர்றேன். மிச்சத்தை லாபத்தோட சேக்கிறேன். வரி கொஞ்சம் கூடும். அபராதம் போடல." பேரேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "ஒண்ணு கேக்கலாமா? இத்தனை வருஷம் இதை ஏன் கோயில்னு எழுதுனீங்க?"

"நோட்டுல எழுதிட்டா நெசமாயிரும்னு பயந்தோங்க."

"எழுதலைன்னா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சித்திரை பிறந்தது. மீமிசலுக்குப் போகவில்லை. புதுப் பேரேட்டில் சுழி போட்டு, லாபம் எழுதி, பின்னால் மகள் கால் என்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். மண்டிக் கணக்கில் சேராமல் வீட்டுக் கணக்கில். உங்கள் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு மாதத்துக்கு மேல் வெறுமையாகவே கிடந்தது.

சாயங்காலங்களில் உங்கள் அம்மாவுக்கு என்ன செய்வது என்று தெரியாது. விளக்கு வைத்ததும் கை எண்ணெய்க் குடுவைக்குப் போகும், திரும்பி வந்துவிடும். வைகாசியில் ஒரு நாள் அதே நேரத்தில் என்னிடம் கேட்டாள்.

"என்னங்க, அந்தக் காயிதத்துல காலு எவ்வளவு கொறச்சல்னு எழுதியிருந்தாராமே, எவ்வளவு?"

அசல் ஆபீஸில் இருந்தது. எனக்கு மறந்துவிட்டது. உள்ளே படித்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா, "ஒண்ணே கால் இஞ்சு" என்றாள்.

மறுநாள் அம்மாவும் மகளும் சந்தைப்பேட்டையில் செருப்புத் தைக்கிறவரிடம் போனார்கள். நானும் பின்னால் போனேன். "ஒரு செருப்பு மட்டும் அடிப்பக்கம் ஒசரமா இருக்கணும்" என்று உங்கள் அம்மா சொன்னாள். எவ்வளவு உயரம் என்று அவர் கேட்டார். அத்தனை பேர் நடுவில், கொஞ்சம் சத்தமாகவே, "ஒண்ணே கால் இஞ்சு. அளந்து பாத்து வைங்க, கூடக் கொறைய ஆயிரக் கூடாது. டாக்டரு எழுதுனது" என்றாள்.

முதல் தடவை அதைப் போட்டு நடந்தபோது உங்கள் அக்காவின் கை பழைய வழக்கத்தில் தொடைக்குப் போனது. அடுத்த அடிக்குப் போகவில்லை. அதற்கடுத்த அடிக்கு மறுபடி போனது. "மெதுவா வா, என்ன அவசரம்" என்று உங்கள் அம்மா முன்னால் நடந்தபடி சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் படிவம் எழுத ஆடிட்டர் வந்தார். "மகள் வைத்தியத்துக்கு என்ன போடலாம் முதலாளி? எண்ணெயா, மீமிசலா?"

"ஒரு ஜோடி செருப்பு."

"செருப்பை வைத்தியம்னு ஏத்துக்குவாரோ என்னமோ. வேற எதாச்சும் பேரு போட்டு..."

"செருப்புன்னே எழுதுங்க" என்றேன். "அவரு தள்ளுனா தள்ளட்டும்."